பருத்தியின் தலையைக் கிள்ளுவது ஏன்?

விதைத்து எண்பது நாள் ஆன இறவைப் பருத்திக் காட்டுக்கு நீங்கள் சென்றால் வியப்பூட்டும் ஒரு காட்சியைக் காணக்கூடும். வேலையாட்கள் வரிசை வரிசையாக நடந்து, இடுப்பளவு வளர்ந்து நிற்கும் செடிகளின் கொழுந்து நுனியை விரலால் கிள்ளிப் போட்டுக்கொண்டே செல்வார்கள். அவை நோய் கண்ட செடிகள் அல்ல. தளதளவென்று வளர்ந்து நிற்கும் செடிகள். உழுது, உரமிட்டு, களையெடுத்து, தண்ணீர் பாய்ச்சி வளர்த்த செடியின் வளர்ச்சியை நாமே நிறுத்துவானேன்?

இந்தக் கேள்விக்கு விடை சுருக்கமானது: செடியின் வளர்ச்சி வேறு, விளைச்சல் வேறு. தண்ணீர் தருவது வளர்ச்சி. அதைப் பஞ்சாக மாற்ற வேண்டுமானால் எப்போது கொடுப்பது என்பதுடன் எப்போது நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதை அறிந்துகொள்ள மனிதனுக்கு நெடுங்காலம் பிடித்தது. இடையில் ஒரு நாடு தன் பருத்தி விளைச்சலில் பெரும் பகுதியைப் பறிகொடுக்கவும் நேர்ந்தது. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பல்லாண்டு வாழும் செடி

பருத்தியை ஓராண்டுப் பயிராகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் இயற்கையில் அது பல ஆண்டுகள் வாழும் புதர்ச்செடி. நெற்பயிர் கதிர் விட்டதும் தன் வாழ்வை முடித்துக்கொள்ள முனைகிறது. பருத்தி அப்படியன்று. பூத்துக் காய்த்துக்கொண்டே மேலும் மேலும் வளரும். வெப்பமும் ஈரமும் இருக்கும்வரை அதற்கு நிற்கத் தெரியாது.

ஒரு பருத்திச் செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் தோன்றும் சில கிளைகள் தண்டைப்போலவே நேராக மேல்நோக்கி வளரும். இவை இலைக்கிளைகள்; நேரடியாகக் காய் தருவதில்லை. ஏறத்தாழ ஆறாவது கணுவுக்கு மேல் தோன்றும் கிளைகளோ நெளிந்து நெளிந்து பக்கவாட்டில் நீளும். ஒவ்வொரு நெளிவிலும் ஒரு சப்பை இருக்கும். இவையே காய்க்கிளைகள். சப்பை பூவாக மூன்று வாரம் ஆகிறது. பூ காயாகி வெடிக்க மேலும் ஏழு வாரம் ஆகிறது. ஆகப் பத்து வாரங்கள்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவம் முடிய ஐந்து வாரமே இருக்கும்போது நுனியில் புதிதாகத் தோன்றும் சப்பையால் என்ன பயன்? அது ஒருநாளும் பஞ்சாகப் போவதில்லை. ஆனால் அதற்காகச் செடி செலவிடும் உணவோ கீழே முற்றிக்கொண்டிருக்கும் காய்களுக்குச் சேர வேண்டியது. நுனியைக் கிள்ளுவதன் நோக்கம் இந்த வீண்செலவைத் தடுப்பதே.

எழுநூறு ஆண்டுக்கு முந்திய குறிப்பு

இதை முதலில் கண்டவர்கள் உழவர்களே. சீனாவில் குப்ளாய் கானின் ஆட்சியில், 1273ஆம் ஆண்டில், உழவும் பட்டு வளர்ப்பும் பற்றிய கையேடு ஒன்று அரசு சார்பில் தொகுக்கப்பட்டது. அதன் பெயர் 'நொங்சாங் ஜியாவ்'. அப்போது வட சீனாவுக்குப் பருத்தி புதிய பயிர். அதை எப்படி வளர்ப்பது என்று விளக்கும் பகுதியில், செடி இரண்டு அடிக்கு மேல் உயர்ந்ததும் நடுக்குருத்தை நீக்க வேண்டும், பக்கக் கிளைகள் ஒன்றரை அடி நீண்டதும் அவற்றின் நுனியையும் நீக்க வேண்டும் என்னும் கருத்து காணப்படுகிறது. செடிகள் மிகவும் அடர்ந்திருந்தால் காய் பிடிக்காது என்ற எச்சரிக்கையும் உண்டு.

செடியின் உடலியக்கம் பற்றி அக்கால உழவர்களுக்கு எதுவும் தெரியாது. ஆயினும் செடியை உற்றுநோக்கி, வளர்ச்சியை அடக்கினால் காய் கூடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். 'ஏன்' என்னும் கேள்விக்கு விடை கிடைக்க மேலும் ஆறு நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடை பிறந்த இடம் எகிப்து.

நைல் நதிக் கரையில்

எகிப்தின் பழைய பாசன முறை எளியது. ஆண்டுதோறும் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நைல் நதி பெருக்கெடுக்கும். வெள்ளத்தைப் பாத்திகளில் தேக்கிப் பின் வடித்துவிடுவார்கள். அந்த ஈரத்தில் கோதுமையும் பயறும் விளையும். அறுவடைக்குப் பின் நிலம் வெயிலில் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அடுத்த வெள்ளம் வரும்வரை நிலத்தடி நீர் கீழே இறங்கியே இருக்கும்.

1820ஆம் ஆண்டளவில் இந்த நிலை மாறத் தொடங்கியது. ஜுமெல் என்னும் பிரெஞ்சுக்காரர் கெய்ரோ நகரத் தோட்டம் ஒன்றில் அழகுக்காக வளர்க்கப்பட்ட பருத்திப் புதரைக் கண்டார். அதன் இழை நீளமாகவும் வலுவாகவும் இருந்தது. அப்போது எகிப்தை ஆண்ட முகம்மது அலி அதைப் பெருமளவில் பயிரிடச் செய்தார். ஆனால் ஓர் இடையூறு. பருத்தி கோடைப் பயிர். அதற்குத் தண்ணீர் வேண்டிய மாதங்களில் நைல் நதி வற்றியிருக்கும். எனவே ஆழமான வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. கழிமுகத்தின் தலைப்பில் ஒரு பெரிய கதவணை கட்டப்பட்டது. அது நெடுங்காலம் பயன்படாமல் நின்றது. இந்தியப் பாசனத் துறையில் பணியாற்றிய ஸ்காட் மான்கிரீப் எகிப்துக்குச் சென்ற பிறகே, 1890ஆம் ஆண்டளவில் செப்பனிடப்பட்டது. 1902இல் அசுவான் அணை கட்டி முடிந்தது. அதற்குத் திட்டம் வகுத்த வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து ரூர்க்கி பொறியியல் கல்லூரியில் பயின்றவர்.

இனி ஆண்டு முழுவதும் தண்ணீர் உண்டு. விளைச்சல் பெருகும் என்று எல்லோரும் எண்ணினார்கள். நடந்தது வேறு. 1890களின் பிற்பகுதியில் ஒரு பெத்தான் நிலம் ஐந்து காந்தாருக்கு மேல் பஞ்சு தந்தது. (பெத்தான் என்பது ஓர் ஏக்கருக்குச் சற்று மிகுதி. காந்தார் ஏறத்தாழ 45 கிலோ.) அணை வந்த பின் விளைச்சல் படிப்படியாக இறங்கியது. 1909இல் ஏறத்தாழ மூன்று காந்தாராகச் சரிந்தது. பருத்தியை நம்பியே கடன் வாங்கி, வரி கட்டி, வாழ்ந்த நாடு அது. விதை கெட்டுவிட்டது என்றார்கள் சிலர். புழுதான் காரணம் என்றார்கள் சிலர். ஒரே நிலத்தில் அடிக்கடி பருத்தி போடுவதால் மண் சோர்ந்தது என்றார்கள் வேறு சிலர். இவை ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் தண்ணீர் மிகுந்ததும் ஒரு காரணமாக இருக்கும் என்று நம்புவது கடினமாக இருந்தது.

பூக்களை எண்ணிய அறிஞர்

லாரன்ஸ் பால்ஸ் என்னும் இளம் தாவரவியலார் 1904இல் எகிப்துக்கு வந்தார். அவர் கையாண்ட முறை மிக எளிது. அறுவடையான பஞ்சை நிறுத்துப் பார்ப்பதோடு நிற்காமல், குறிப்பிட்ட செடிகளில் ஒவ்வொரு நாளும் எத்தனை பூக்கள் மலர்கின்றன என்று எண்ணினார். செடியின் உயரத்தை அளந்தார். எத்தனை காய்கள் உதிர்கின்றன, எத்தனை வெடிக்கின்றன என்று குறித்தார். இவற்றை வரைபடத்தில் கோடுகளாக வரைந்தார். ஒரு செடியின் வாழ்க்கை முழுவதும் அந்தக் கோட்டில் தெரிந்தது.

கோடு காட்டிய செய்தி என்ன? கோடையில் பூக்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது. பிறகு நைல் வெள்ளம் வரும் காலத்தில் பூப்பது குறைந்தது. காய் உதிர்வது கூடியது. அதே காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று பால்ஸ் விளக்கினார்.

பருத்தியின் ஆணிவேர் நல்ல மண்ணில் இரண்டு மீட்டர் ஆழம்வரைகூடச் செல்லக்கூடியது. வேரும் ஓர் உயிர்ப்பொருள். அதுவும் மூச்சு விட வேண்டும். மண் துகள்களுக்கிடையே உள்ள காற்றே அதற்குத் துணை. நிலத்தடி நீர் மேலே ஏறினால் அந்தக் காற்று வெளியேறும். ஆழத்தில் உள்ள வேர்கள் மூச்சுத்திணறி மடியும். எஞ்சிய மேல்வேர்களால் பெரிய செடி முழுவதற்கும் போதிய நீரை உறிஞ்ச முடியாது. கடும் வெயிலில் இலைகள் வாடும். செடி தன் சுமையைக் குறைத்துக்கொள்ள இளங்காய்களை உதிர்க்கும். நீர் நிறைந்த நிலத்தில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடியது! பழைய முறையில் கோடை வெயில் நிலத்தை உலர்த்திவந்தது. இப்போது உலர்த்த ஓய்வும் இல்லை. மிகுந்த நீர் வெளியேற வடிகாலும் இல்லை.

பால்ஸ் கண்ட வேறு சில உண்மைகளும் நமக்கு இங்கே பயன்படும். எகிப்தின் வெயிலில் பருத்தித் தண்டு பகலில் அவ்வளவாக நீள்வதில்லை. இரவில்தான் நீள்கிறது என்று அவர் காட்டினார். பகலில் இலைகள் வழியே நீர் வேகமாக ஆவியாவதால் செல்கள் விரிவடையப் போதிய நீர் கிடைப்பதில்லை. மேலும் பஞ்சின் ஒவ்வோர் இழையும் விதையின் மேல்தோலில் தோன்றும் ஒரே ஒரு செல். பூத்த நாளிலிருந்து முதல் 25 நாட்கள் அது நீளத்தில் வளர்கிறது. பின் 25 நாட்கள் அதன் சுவர் தடிக்கிறது. அந்தச் சுவரில் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல நாள் வளையங்கள் இருப்பதை 1919இல் அவர் வெளியிட்டார். ஆகவே முதல் பாதியில் தண்ணீர் குறைந்தால் இழை குட்டையாகும். பின் பாதியில் செடி வாடினால் இழை சோடையாகும். நீர் பாய்ச்சிய நாட்குறிப்பைப் பஞ்சு தன்னுள்ளே எழுதி வைத்திருக்கிறது எனலாம்.

செடிகளுக்கு இடையே விட வேண்டிய தூரத்தையும் அவர் 1912இல் ஆராய்ந்தார். எகிப்திய உழவர்கள் செடிகளை நெருக்கமாக நட்டுவந்தார்கள். விலகி நட்டால் ஒவ்வொரு செடியும் பெரிதாகிறது, அதிகம் காய்க்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெருக்கமாக நட்ட பழைய முறையே சிறந்தது என்று ஆய்வு காட்டியது. நெருக்கம் இலைக்கிளைகளை அடக்கிவிடுகிறது. கத்தி எடுக்காமலே கவாத்து நடந்துவிடுகிறது! சீன நூல் மிகையான அடர்த்தி கூடாது என்றது; எகிப்திய உழவர் மிகையான இடைவெளி கூடாது என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. மண்ணும் நீரும் எவ்வளவு வளர்ச்சி தருமோ, அதற்கேற்ப இடைவெளி மாறும்.

எகிப்து தன் தவற்றைத் திருத்திக்கொள்ள நெடுங்காலம் உழைத்தது. வடிகால்கள் வெட்டப்பட்டன, இறைப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. 1970இல் அசுவான் உயரணை முடிந்த பின் பெரும் பரப்பில் நிலத்துக்கடியில் வடிகுழாய்கள் பதிக்கப்பட்டன. தண்ணீரைக் கொண்டுவருவதற்குச் செலவிட்டதைப்போலவே அதை வெளியேற்றவும் செலவிட வேண்டியிருந்தது.

கொங்கு நாட்டுக்கு வந்த கம்போடியா

எகிப்து அணைநீரில் தத்தளித்த அதே ஆண்டுகளில் நம் நாட்டிலும் இறவைப் பருத்தி வேரூன்றத் தொடங்கியது. அதுவரை தமிழகத்துப் பருத்தி பெரும்பாலும் மானாவாரிப் பயிர். கரிசல் மண்ணில் உப்பமும் கருங்கண்ணியும் விளைந்தன. கோவை, சேலம் பகுதிகளின் செம்மண் நிலங்களில் 'நாடம்' என்னும் பல்லாண்டுப் பருத்தி இருந்தது. ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகள் நிற்கும். 1904-05இல் சென்னை மாகாணத்துக்குக் கம்போடியாப் பருத்தி வந்தது. பெயர் கம்போடியா ஆனாலும் அதன் பூர்வீகம் அமெரிக்கா. நாட்டுப் பருத்தியைவிட இழை நீளம். கிணற்றுப் பாசனத்தில் நன்கு காய்த்தது. கொங்கு நாட்டின் தோட்டங்களில் அது வேகமாகப் பரவியது.

இங்கே தண்ணீர் எளிதாகக் கிடைத்ததன்று. பாறையை உடைத்துத் தோண்டிய கிணற்றிலிருந்து கவலை பூட்டி, காளைகளை முன்னும் பின்னும் நடத்தி இறைக்க வேண்டும். எனவே நீரை மிகையாகப் பாய்ச்சும் தவறு அன்று நேரவில்லை. தவறு வேறோர் இடத்தில் நேர்ந்தது. முதல் அறுவடை முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் விட்டுவைத்தால், அல்லது வெட்டிவிட்டு அடிக்கட்டையைத் தழைக்கவிட்டால், மறுதாம்பாக மீண்டும் காய்க்கும். உழவு இல்லை, விதை இல்லை, கிடைத்ததெல்லாம் இலாபம். நாடத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்கும்.

ஆனால் நின்ற செடி புழுக்களுக்கு ஓயாத விருந்தாயிற்று. தண்டுக் கூன்வண்டு தண்டுக்குள் வாழ்ந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு பறிக்காமல் விட்ட காய்களில், விதைக்குள் உறங்கிக் கிடந்து அடுத்த பயிரைத் தாக்கியது. (எகிப்தை நடுங்கவைத்த இதே புழு இந்தியாவிலிருந்து சென்ற விதையோடு அங்கே போயிருக்கும் என்று கருதப்படுகிறது.) அயலார் செடியைப் பிடுங்காவிட்டால் நம் பயிருக்கும் கேடு. தனி மனிதர் முயற்சியால் தீராத சிக்கல் இது. ஆகவே 1919இல் சென்னை மாகாணத்தில் வேளாண் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் கம்போடியாப் பருத்தியைக் குறிப்பிட்ட நாளுக்குள் வேரோடு பிடுங்க வேண்டும் என்ற ஆணை வந்தது. இயற்கையில் பல்லாண்டு வாழும் செடியைச் சட்டம் ஓராண்டுப் பயிராக்கியது!

பிற்காலத்தில் நிலைமை மீண்டும் மாறியது. 1932இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் கிணற்றடிக்கு வந்தது. கவலை மறைந்து மோட்டார் வந்தது. கம்போடியாவோடு உகாண்டா பருத்தியைக் கலந்து எம்.சி.யு. வரிசை இரகங்கள் உருவாயின. 1968இல் வெளியான எம்.சி.யு. 5 மிக நீண்ட இழைக்குப் பெயர் பெற்றது. ஆனால் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போயின. எகிப்தில் நீர்மட்டம் ஏறிப் பயிரைக் கெடுத்தது. இங்கே நீர்மட்டம் இறங்கி உழவரைக் கெடுத்தது. வேண்டிய அளவுக்கு மேல் பாய்ச்சிய நீரும், பஞ்சாகாத இலைக்குச் செலவான நீரும் இரண்டு ஊரிலும் வீணான நீரே.

எப்போது கொடுப்பது, எப்போது நிறுத்துவது?

பருத்திக்கு அதன் வாழ்நாளில் 700 முதல் 1300 மில்லிமீட்டர்வரை நீர் தேவை எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம். இளம் பருவத்தில் சற்றுக் காயவிட்டால் வேர் ஆழமாக இறங்கும். பூத்துக் காய் பிடிக்கும் காலத்தில் வாடவிடலாகாது. பூத்த முதல் பத்து நாட்களில்தான் இளங்காய்கள் மிகுதியாக உதிர்கின்றன. காய்கள் வெடிக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். அப்போதும் பாய்ச்சினால் செடி மீண்டும் தழைக்கும், காய் அழுகும்.

காய் உதிர்வதற்குள்ளே இயங்கும் வேதிப்பொருளைத் தேடிய அமெரிக்க அறிஞர் அடிக்காட்டும் அவர் குழுவினரும் 1963இல் இளம் பருத்திக் காய்களிலிருந்தே ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதை அப்சிசிக் அமிலம் என்கிறோம். வறட்சியில் இலைத்துளைகளை மூடவைக்கும் செய்தியாளரும் அதுவே என்று பின்னர் தெரிந்தது.

நுனி கிள்ளுவதற்கும் காலம் உண்டு. தமிழ்நாட்டில் இரகங்களுக்கு 15ஆவது கணுவுக்கு மேலும், வீரிய ஒட்டுகளுக்கு 20ஆவது கணுவுக்கு மேலும் கிள்ளும்படி பரிந்துரைக்கிறார்கள். முந்திக் கிள்ளினால் அடியிலிருந்து இலைக்கிளைகள் கிளம்பும், நோக்கமே கெட்டுவிடும். நீரும் உரமும் மிகுந்து செடி மதமதவென்று வளரும் காட்டில் கிள்ளுவதால் பலன் தெரியும். மானாவாரியில், குட்டையாக நிற்கும் செடியைக் கிள்ளினால் கூலிதான் நட்டம். அங்கே வறட்சியே செடியை அடக்கிவிட்டது. கையால் கிள்ளுவதற்குப் பதிலாக மெபிகுவாட் குளோரைடு என்னும் வளர்ச்சி அடக்கியைத் தெளிக்கும் முறை 1980 முதல் பல நாடுகளில் பரவியுள்ளது. சொட்டுநீர்க் குழாய் அளவோடு நீர் கொடுக்க உதவுகிறது. கருவிகள் புதியன; அவை செய்யும் வேலை சீன உழவர் விரலால் செய்த அதே வேலைதான்.

நீங்களும் எண்ணலாம்

பால்ஸ் செய்த ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் ஊரில் பருத்திக் காடு இருந்தால் உரிமையாளரின் இசைவு பெற்று இருபது செடிகளுக்கு அடையாளம் கட்டுங்கள். பத்துச் செடிகளின் நுனியை உரிய காலத்தில் கிள்ளிவிடுங்கள். பத்தை அப்படியே விடுங்கள். தினமும் காலையில் வெளிர்மஞ்சள் பூக்களை மட்டும் எண்ணுங்கள். நேற்றைய பூ இன்று சிவந்துவிடும். ஆதலால் ஒரே பூவை இருமுறை எண்ணும் தவறு நேராது. தண்ணீர் பாய்ச்சிய நாளையும், மழை பெய்த நாளையும், உதிர்ந்து கிடக்கும் காய்களையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டமிட்ட தாளில் கோடு வரையுங்கள்.

கடைசியில் இரண்டு கூட்டத்துச் செடிகளின் பஞ்சையும் நிறுத்துப் பாருங்கள். எது உயரமான செடி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். எது நல்ல செடி என்று தராசுதான் சொல்லும்.